நிவாரணம் யார் பேருக்கு?



நம் தோட்டங்களில் ஒரு நாள் சம்பளத்தைப் 'பேர்' என்றுதான் சொல்கிறோம். முழுப்பேர், அரைப்பேர், இன்றைக்குப் பேர் இல்லை. செக்ரோலில் பேர் விழுந்தால்தான் அன்றைய உழைப்புக்குக் கணக்கு. விழாவிட்டால், மழையில் நனைந்து மலையேறி இறங்கியது யாருக்கும் தெரியாது. இந்த இதழின் தலையங்கத்தில் நாம் எடுத்துக்கொள்வது, அமெரிக்காவில் மாட்டுப் பண்ணைக்காரர்களுக்கு அந்நாட்டு அரசாங்கம் கொடுக்கும் அவசர உதவிப் பணத்தை. எங்கோ இருக்கும் அந்த விடயத்துக்கும் நமக்கும் உள்ள தொடர்பு இந்தப் 'பேர்' என்ற சொல்லில்தான் இருக்கிறது.

கடந்த மழைக்காலத்தில் நம் அங்கத்தவர் ஒருவரின் மாட்டுக் கொட்டில் மேல் மண்மேடு சரிந்தது. கறவை மாடும் கன்றும் போயின. விடியற்காலையில் பால் கறந்து ஊற்றிவிட்டு மலைக்குப் போய், அந்தப் பால் காசில் இரண்டு பிள்ளைகளின் கொப்பி, சப்பாத்துச் செலவைப் பார்த்துவந்த அம்மா அவர். நிவாரணம் கேட்டுப் போன இடத்தில் அவரிடம் கேட்டார்கள்: "மாட்டுக்குப் பதிவு இருக்கா? கொட்டில் இருந்த நிலம் உங்க பேர்லயா?" அவர் சொன்ன பதில்: "நிலம் தோட்டத்தோடது சார். மாடு மட்டும்தான் எங்களோடது." அத்தோடு திரும்பி வந்துவிட்டார்.

அடுத்த கிளைக் கமிட்டிக் கூட்டத்தில் ஓர் இளைஞர் எழுந்து, "மத்த நாட்டுல மாடு செத்தா என்ன செய்றாங்க?" என்று கேட்டார். அன்று நம்மிடம் பதில் இல்லை. கேள்வியை எழுதி வைத்துக்கொண்டு தேடினோம். கிடைத்ததை இங்கே தருகிறோம்.

ஒக்டோபரில் வந்த பனி

அமெரிக்காவின் நடுவடக்கில் தென் டகோட்டா என்றொரு மாநிலம் இருக்கிறது. அதன் மேற்குப் பகுதி முழுவதும் புல்வெளி. அங்குள்ள நிருவாகப் பிரிவைக் 'கவுண்டி' என்கிறார்கள். நம் பிரதேச செயலகப் பிரிவுபோல ஓர் அடுக்கு. ஆனால் பரப்பு மிகப் பெரிது, ஆட்கள் மிகக் குறைவு. பல கவுண்டிகளில் மனிதரைவிட மாடுகளே அதிகம். குடும்பம் குடும்பமாக, தலைமுறை தலைமுறையாக, இறைச்சிக்கான மாடு வளர்ப்பதே அங்கே பிழைப்பு.

2013 ஒக்டோபர் 3ஆம் திகதி அங்கே மழை தொடங்கியது. மாடுகள் அப்போது கோடைக்கால மேய்ச்சல் நிலத்திலேயே நின்றன. குளிர்காலத்துக்கான தடித்த மயிர் அவற்றுக்கு இன்னும் வளரவில்லை. முதலில் மழையில் தோல்வரை நனைந்தன. பிறகு அந்த மழை பனியாக மாறியது. மணிக்கு 100 கிலோமீற்றரைத் தாண்டிய காற்று சேர்ந்துகொண்டது. பிளாக் ஹில்ஸ் என்ற மலைப்பகுதியில் சில இடங்களில் நான்கு அடிக்கும் மேல் பனி குவிந்தது. காற்றுக்கு முதுகைக் காட்டி நடந்த மாடுகள், பனியில் புதைந்த வேலிகளைத் தாண்டிப் பல கிலோமீற்றர் போயின. ஓடைகளிலும் பள்ளங்களிலும் விழுந்தன; நின்ற இடத்திலேயே விறைத்தன. மூன்று நாளில் பல்லாயிரக்கணக்கான மாடுகள் செத்தன. பனி உருகியபின் பண்ணைக்காரர்கள் காதுப் பட்டியையும் சூட்டுக்குறியையும் பார்த்துத் தம் மாடுகளை அடையாளம் கண்டார்கள். செத்தவற்றைப் புதைப்பதற்கென்றே பென்னிங்டன் கவுண்டியில் பெரிய குழிகள் வெட்டப்பட்டன.

அந்த நேரத்தில் அரசாங்கம் என்ன செய்துகொண்டிருந்தது? பூட்டிக் கிடந்தது. வரவு செலவுப் பணத்தை ஒதுக்குவதில் வொஷிங்டனில் இரு கட்சிகளும் இழுபறிப்பட்டதால் ஒக்டோபர் 1ஆம் திகதி முதல் அரச அலுவலகங்கள் பல மூடப்பட்டிருந்தன. விவசாயத் திணைக்களத்தின் கவுண்டி அலுவலகங்களும் அவற்றில் அடக்கம். முறைப்பாடு கொடுக்கப் போனால் கதவில் பூட்டு. தொலைபேசியை எடுக்க ஆளில்லை. இந்த நிலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தது.

பூட்டைவிடப் பெரிய பிரச்சினை இன்னொன்று இருந்தது. கதவு திறந்திருந்தாலும் கொடுப்பதற்கு உள்ளே ஒன்றும் இல்லை. கால்நடை அழிவுக்கு நட்டஈடு கொடுக்கும் திட்டங்கள் 2008ஆம் ஆண்டின் விவசாயச் சட்டத்தில் இருந்தன. ஆனால் அவற்றின் காலம் 2011 செப்டெம்பர் 30ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. புதிய சட்டம் வரவில்லை. 2012இல் அந்நாட்டைப் பல பத்தாண்டுகளில் காணாத வரட்சி தாக்கியபோதும் சட்டம் இல்லை. புல் கருகித் தாய் மாடுகளைக்கூட விற்றவர்கள் ஏராளம். அதில் மிஞ்சிய மாடுகளைத்தான் 2013இன் பனி கொண்டுபோனது.

சட்டம் வந்தபோது

அண்டை மாநிலங்களின் பண்ணைக்காரர்கள் கன்றுகளையும் பசுக்களையும் நன்கொடையாக அனுப்பினார்கள். அங்குள்ள வளர்ப்பாளர் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து உதவி நிதி திரட்டின. அதோடு நிறுத்தாமல், சட்டம் வேண்டும் என்று தம் பாராளுமன்ற உறுப்பினர்களை விடாமல் நெருக்கின. செத்த மாடுகளைப் படம் பிடித்து வையுங்கள், எண்ணி எழுதி வையுங்கள், அயலவரிடம் காட்டி ஒப்பம் வாங்குங்கள் என்று தம் அங்கத்தவருக்குச் சொல்லிக்கொண்டே இருந்தன. அப்போது சட்டம் வருமா வராதா என்பதே தெரியாது. அப்படியிருந்தும் எழுதி வைக்கச் சொன்னார்கள்.

2014 பெப்ரவரி 7ஆம் திகதி ஜனாதிபதி ஒபாமா புதிய விவசாயச் சட்டத்தில் கையொப்பமிட்டார். கால்நடை நட்டஈட்டுத் திட்டங்கள் அதில் நிரந்தரமாக்கப்பட்டன. இனி நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை காலாவதியாகும் பேச்சு இல்லை. 2011 ஒக்டோபர் 1ஆம் திகதி முதல் நடந்த இழப்புகளுக்கும் அது பொருந்தும் என்று எழுதப்பட்டது. அதாவது 2012இன் வரட்சிக்கும் 2013இன் பனிக்கும் பின்நோக்கிப் பணம் கிடைத்தது. ஏப்ரல் 15ஆம் திகதி விண்ணப்பம் ஏற்கத் தொடங்கினார்கள். புகைப்படமும் எண்ணிக்கையும் கையில் வைத்திருந்தவர்கள் அன்று வரிசையில் நிற்க முடிந்தது.

அந்தச் சட்டம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கரும்பலகையில் போட்டுப் பார்ப்பதுபோலப் பார்ப்போம். ஒருவரிடம் 200 பசுக்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். சாதாரண ஆண்டிலும் சில மாடுகள் சாகும். அந்த இயல்பான சாவு நூற்றுக்கு ஒன்றரை என்றால், 200இல் 3. புயலில் மொத்தம் 43 மாடுகள் செத்திருந்தால், அந்த மூன்றைக் கழித்து 40 மாடுகளுக்கு நட்டஈடு. ஒவ்வொன்றுக்கும் சந்தை விலையில் நூற்றுக்கு 75. அந்த விலையை அதிகாரி தன் மனம்போலச் சொல்ல முடியாது. பசுவுக்கு எவ்வளவு, காளைக்கு எவ்வளவு, இந்த எடைக் கன்றுக்கு எவ்வளவு என்று ஆண்டுதோறும் அட்டவணை வெளியிடுகிறார்கள். விண்ணப்பிப்பவர் வீட்டிலிருந்தே கணக்குப் போட்டுவிட்டுப் போகலாம்.

சான்றாக எதை ஏற்பார்கள்? மாடு வாங்கிய சிட்டை, கால்நடை வைத்தியரின் குறிப்பு, வங்கிக் கடன் பத்திரம், திகதியிட்ட புகைப்படம். இவை ஒன்றும் இல்லாவிட்டால், அந்த மந்தையை நேரில் அறிந்த, அதில் பங்கில்லாத இன்னொருவரின் கையொப்பமிட்ட வாக்குமூலம். இதை நம் அங்கத்தவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். கடுதாசி இல்லாதவரை வெளியே அனுப்பிவிடாமல், அயலவரின் சொல்லையும் சான்றாக எடுக்கும் வழியைச் சட்டமே வைத்திருக்கிறது.

நிலத்தைப் பற்றிய கேள்வியும் அப்படித்தான். செத்த மாட்டுக்கான பணம் மாடு யாருடையது என்பதைப் பார்க்கிறது. அது நின்ற நிலத்தின் உறுதி யார் பேரில் என்று கேட்பதில்லை. வரட்சியில் புல் இல்லாமல் போனதற்குக் கொடுக்கும் பணத்திலும், நிலத்தைக் காசு கொடுத்துக் குத்தகைக்கு எடுத்து மேய்ப்பவருக்கு உரிமை உண்டு. "நிலம் உங்க பேர்லயா?" என்ற ஒரே கேள்வியால் ஒருவரை அங்கே திருப்பி அனுப்ப முடியாது.

வியாழக்கிழமை வரைபடம்

வரட்சிக்கான உதவி வேலை செய்யும் விதம் இன்னும் நுட்பமானது. 1999 முதல் அந்நாட்டில் ஒவ்வொரு வியாழக்கிழமையும் வரட்சி வரைபடம் ஒன்று வெளியாகிறது. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் உள்ள வரட்சி ஆய்வு நிலையமும் அரச திணைக்களங்களும் சேர்ந்து அதைத் தயாரிக்கின்றன. மஞ்சள் என்றால் வழமையைவிடக் காய்ந்திருக்கிறது. செம்மஞ்சள் என்றால் கடும் வரட்சி. சிவப்பு அதைவிட மோசம். கருஞ்சிவப்பு எல்லாவற்றிலும் மோசம். நம் பாடசாலையில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் நிறம் தீட்டும் வரைபடம்போலத்தான் அது இருக்கும்.

அந்த நிறமே பணத்தைத் தீர்மானிக்கிறது. 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி, மேய்ச்சல் காலத்தில் ஒரு கவுண்டியின் ஏதேனும் ஒரு பகுதி தொடர்ந்து எட்டு வாரம் செம்மஞ்சளில் இருந்தால் ஒரு மாதத்துக்கான தொகை. சிவப்பு ஒருமுறை தொட்டாலே மூன்று மாதத் தொகை. சிவப்பு நான்கு வாரம் நின்றாலோ, கருஞ்சிவப்பு ஒருமுறை தொட்டாலோ நான்கு மாதத் தொகை. கருஞ்சிவப்பு நான்கு வாரம் இருந்தால் ஐந்து மாதத் தொகை. ஒரு மாதத் தொகை என்பது மாட்டுத் தீவனச் செலவின் நூற்றுக்கு 60 என்ற அடிப்படையில் கணக்கிடப்படுகிறது. செம்மஞ்சளுக்கான எட்டு வாரத்தை 2025இல் நான்காகக் குறைத்தார்கள்.

அமைச்சர் வந்து பார்வையிடத் தேவையில்லை. தொலைக்காட்சிக் கமெரா வரத் தேவையில்லை. எந்தக் கட்சிக்காரரின் வாசலிலும் நிற்கத் தேவையில்லை. நிறம் மாறினால் உரிமை பிறக்கிறது.

2021இல் மேற்கு மாநிலங்களில் மறுபடியும் பெரும் வரட்சி வந்தது. அதற்காக ஒதுக்கிய மேலதிகப் பணத்தை 2022இல் கொடுத்தபோது, வரட்சித் திட்டத்தில் ஏற்கனவே விண்ணப்பித்திருந்தவர்கள் திரும்பவும் படிவம் நிரப்ப வேண்டியதில்லை என்று அறிவித்தார்கள். முன்பு கொடுத்த விபரத்தை வைத்தே பணம் அனுப்பினார்கள். வழமையானவர்களுக்கு நூற்றுக்கு 75 என்ற கணக்கில் கொடுத்தபோது, புதிதாகத் தொழில் தொடங்கியவர்களுக்கும் வசதி குறைந்தவர்களுக்கும் நெடுங்காலம் ஒதுக்கப்பட்ட சமூகத்தவருக்கும் நூற்றுக்கு 90 என்று கணக்கிட்டார்கள். அதே போட்டோக்கொப்பியை நான்கு அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டு அலையும் நமக்கு இந்தச் செய்தி கொஞ்சம் பொறாமையைத் தரத்தான் செய்யும்.

புகழ்ந்துவிட்டு நிறுத்த முடியாது

நாம் தொழிற்சங்கத்தவர்கள். பண்ணை முதலாளிக்குப் பணம் கிடைத்ததைக் கண்டு கைதட்டிவிட்டுப் போவது நம் வேலை இல்லை. அந்தப் பணம் எங்கே போய்ச் சேர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

முதலாவது, மாட்டின் எண்ணிக்கைப்படி பணம் என்பதால் பெரிய மந்தைக்குப் பெரிய தொகை. 2014ஆம் ஆண்டுச் சட்டம் ஒருவருக்கு ஆண்டுக்கு 125,000 டொலர் என உச்ச வரம்பு வைத்தது. 2018இல் செத்த மாட்டுக்கான திட்டத்தில் அந்த வரம்பு நீக்கப்பட்டது. வரைபடத்திலும் கோணல் உண்டு. கவுண்டியின் ஒரு மூலை சிவப்பானால் முழுக் கவுண்டிக்கும் உரிமை வரும். எல்லை வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவரின் புல்லும் அதே அளவு காய்ந்திருக்கலாம். அவருடைய கவுண்டி சிவப்பாகவில்லை என்றால் அவருக்கு அதே தொகை இல்லை.

இரண்டாவது, சட்டம் ஒன்றாக இருந்தாலும் கவுண்டரில் இருப்பவர் ஒருவராக இருப்பதில்லை. வடக்கு டகோட்டாவில் ஸ்டாண்டிங் ரொக் என்ற பூர்வகுடிகளின் ஒதுக்கு நிலம் இருக்கிறது. அங்கே மாடு வளர்த்த கீப்ஸ்ஈகிள் குடும்பத்தினரும் வேறு பூர்வகுடி விவசாயிகளும் சேர்ந்து 1999இல் விவசாயத் திணைக்களத்தின் மீது வழக்குப் போட்டார்கள். அது நிவாரணம் பற்றியதல்ல, பண்ணைக் கடன் பற்றிய வழக்கு. வெள்ளையருக்குக் கிடைக்கும் கடன் தமக்கு மறுக்கப்படுகிறது அல்லது தாமதிக்கப்படுகிறது என்பதே அவர்களின் முறைப்பாடு. பதினோரு ஆண்டு இழுத்தடித்து 2010இல் இணக்கத்துக்கு வந்தார்கள். 680 மில்லியன் டொலர் நட்டஈடு. அதற்கு மேல் 80 மில்லியன் டொலர் கடன் தள்ளுபடி. பதினோரு ஆண்டில் எத்தனை பேர் மாட்டையும் நிலத்தையும் இழந்திருப்பார்கள் என்பதை நாமே ஊகிக்கலாம். நல்ல சட்டம் இருந்தால் மட்டும் போதாது, அதை நடத்துபவரைக் கண்காணிக்க நம் ஆட்கள் வேண்டும் என்பதற்கு இது போதுமான பாடம்.

இந்த இடத்தில் அங்குள்ள ஒரு நல்ல ஏற்பாட்டையும் சொல்ல வேண்டும். கவுண்டி விவசாய அலுவலகத்துக்கு மேல் ஒரு குழு இருக்கிறது. மூன்று முதல் பதினொரு பேர் கொண்டது. அவர்களை அந்தப் பகுதி விவசாயிகளே வாக்குப் போட்டுத் தெரிவு செய்கிறார்கள். பதவிக்காலம் மூன்று ஆண்டு. திட்டங்களைக் கவுண்டி அளவில் நடத்துவதில் அவர்களுக்குப் பங்கு உண்டு. அந்தத் தேர்தலில் யார் வாக்களிக்கிறார்கள், யார் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தே நியாயம் கிடைக்கும் என்பதும் உண்மை.

மேய்த்தவரின் பேர்

மூன்றாவதுதான் நமக்கு முக்கியமானது. அந்தப் பனியில் மாடு தேடிப்போனவர்களில் கூலிக்கு வேலை செய்பவர்களும் உண்டு. சூட்டுக்குறி போடுபவர், வேலி கட்டுபவர், கன்று ஈனும் காலத்தில் இரவெல்லாம் கண்விழிப்பவர். மந்தை பாதியானால் வேலையும் பாதியாகும். அவருக்கு இந்தத் திட்டத்தில் ஒரு டொலரும் இல்லை. மாட்டின் சொந்தக்காரருக்கும், ஒப்பந்தத்தில் மாடு வளர்த்துக் கொடுப்பவருக்கும்தான் பணம். செத்த மாட்டின் விலை சட்டத்தில் அட்டவணையாக இருக்கிறது. அதை மேய்த்தவர் இழந்த நாட்சம்பளம் எந்த அட்டவணையிலும் இல்லை.

இதைவிடக் கசப்பான ஒன்றும் இருக்கிறது. அமெரிக்காவின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் 1938ஆம் ஆண்டினது. தொழிலாளர் போராடிப் பெற்ற சட்டம். திறந்த மேய்ச்சல் வெளியில் கால்நடை வளர்ப்பில் ஈடுபடும் தொழிலாளரை அதே சட்டம் குறைந்தபட்சச் சம்பளத்திலிருந்தும் மேலதிக நேரக் கொடுப்பனவிலிருந்தும் விலக்கி வைத்திருக்கிறது. ஒரு சட்டம் மாட்டின் விலையில் முக்கால் பங்குக்கு உத்தரவாதம் தருகிறது. இன்னொரு சட்டம் மாடு மேய்ப்பவரைக் கணக்கிலேயே எடுக்கவில்லை.

மேற்கு மாநிலங்களின் மலைகளில் ஆடு மேய்ப்பவர்களில் பெரும்பாலோர் பெரு நாட்டிலிருந்து தற்காலிக வேலை விசாவில் வருபவர்கள். மலையில் ஒரு சிறு வண்டிக் கூண்டில் தனியே தங்கி, இரவு பகல் என்றில்லாமல் மந்தையைக் காக்க வேண்டும். 2015 வரை பல மாநிலங்களில் அவர்களின் மாதச் சம்பளம் 750 டொலர். அந்த நாட்டு விலைவாசியில் அது எவ்வளவு சொற்பம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அந்தச் சம்பள விதியைப் பொதுமக்களின் கருத்தைக் கேட்காமல் தொழில் திணைக்களம் போட்டுவிட்டது என்று, ஆடு மேய்த்த அனுபவமுள்ள தொழிலாளர் சிலர் வழக்குக்குப் போனார்கள். 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2015இல் புதிய விதி வந்தது. மணித்தியாலத்துக்கு 7.25 டொலர், வாரத்துக்கு 48 மணித்தியாலம் என்ற கணக்கில் மாதச் சம்பளத்தைப் படிப்படியாக உயர்த்த வேண்டும் என்றாகியது. இராப்பகலாக நிற்பவருக்கு 48 மணித்தியாலக் கணக்கு நியாயமா என்ற கேள்வி இருக்கத்தான் செய்கிறது. ஆனாலும் சம்பளம் ஏறக்குறைய இரட்டிப்பானது. கூட்டமே சேர முடியாத, ஆளுக்கொரு மலையில் தனித்திருக்கும் தொழிலாளருக்காக ஒரு சிலர் எழுந்து நின்றதன் பலன் அது.

2014ஆம் ஆண்டை மறுபடியும் கவனியுங்கள். பண்ணைக்காரர்களுக்குச் சட்டமும் ஆடு மேய்த்தவர்களுக்குத் தீர்ப்பும் ஒரே ஆண்டில் கிடைத்தன. இரண்டும் கேட்டவர்களுக்குத்தான் கிடைத்தன. கேட்காத கூலிக்காரருக்கு இன்றுவரை ஒன்றும் இல்லை.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

அதே 2014இல், ஒக்டோபர் 29ஆம் திகதி, நம் மீரியபெத்தயில் மலை இறங்கி வந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை அதற்குப் பல ஆண்டுகள் முன்பே கொடுக்கப்பட்டிருந்தது. அன்று போன உயிர்களுக்கு எந்த அட்டவணையும் ஈடு சொல்லாது. ஆனால் மண் சரியும் மலையில் வாழும் நமக்கு, என்ன நடந்தால் யாருக்கு என்ன கிடைக்கும் என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும் என்ற கோரிக்கை அன்றிலிருந்து நம் மனதில் இருக்கிறது. நிவாரணப் பொதியைக் கையில் வாங்கும்போது யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று யோசிக்க வைக்கும் உதவி, அடுத்த தேர்தல்வரை நம் தலையில் ஏறியிருக்கும். சட்டத்தில் எழுதிய உதவிக்கு யாரையும் கும்பிடத் தேவையில்லை.

ஆகவே நம் சங்கத்தின் சார்பில் நாம் கேட்பது இது. இயற்கை அழிவில் கால்நடை செத்தால் கொடுக்கப்படும் நட்டஈடு, மாட்டின் உரிமையை வைத்தே தீர்மானிக்கப்பட வேண்டும். நிலம் தோட்டக் கம்பனியின் கையில் இருப்பதைக் காரணம் காட்டி நம் மக்களைத் திருப்பி அனுப்பக் கூடாது. எழுத்துச் சான்று இல்லாத இடத்தில் அயலவரின் கையொப்பமிட்ட வாக்குமூலம் ஏற்கப்பட வேண்டும். ஒரு மாட்டுக்கு எவ்வளவு என்ற தொகை தமிழில் அச்சாகி அலுவலகச் சுவரில் ஒட்டப்பட வேண்டும். அத்தோடு, மண்சரிவாலோ வெள்ளத்தாலோ மலைக்குப் போக முடியாத நாட்களுக்குத் தொழிலாளரின் சம்பளம் என்னாகும் என்பதும் எழுத்தில் வர வேண்டும். அமெரிக்கச் சட்டம் விட்ட பிழையை நாமும் விடக்கூடாது. மாட்டுக்கு ஈடு கேட்கும்போதே மனிதரின் பேரையும் சேர்த்துக் கேட்போம்.

சட்டம் வரும்வரை காத்திருக்காமல் நாம் செய்யக்கூடியவையும் இருக்கின்றன. மாடு, ஆடு வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பமும் பிரதேசக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். ஒரு கொப்பியில் மாட்டின் நிறம், அடையாளம், வாங்கிய திகதி, கன்று போட்ட திகதி, பால் ஊற்றிய கணக்கு எல்லாவற்றையும் எழுதுங்கள். எழுத வராதவர்களுக்கு வீட்டுப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும்; நம் ஆசிரியர்கள் உதவுவார்கள். பால் சிட்டையை அடுப்படியில் போட்டுவிடாதீர்கள். ஆண்டுக்கு இரண்டு முறையாவது கையடக்கத் தொலைபேசியில் மாட்டையும் கொட்டிலையும் படம் எடுத்து இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள். தோட்டத் தலைவரும் தலைவியும் தம் டிவிசனில் யாரிடம் எத்தனை மாடு என்ற பட்டியலைக் கிளைக் கமிட்டிப் புத்தகத்தில் எழுதிக் கையொப்பமிட்டு வைக்கட்டும்.

பனிக்குள் நின்ற அந்தப் பண்ணைக்காரர்கள், கதவு பூட்டியிருந்த நாட்களிலும் எண்ணி எழுதி வைத்தார்கள். நாலு மாதம் கழித்துச் சட்டம் வந்தபோது அந்தத் தாள்தான் பேசியது. பால் காசை இழந்த நம் அம்மாவுக்கு இந்த முறை நம்மால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை. கிளைக் கமிட்டி கைக்காசு சேர்த்து ஒரு கிடாரிக் கன்று வாங்கிக் கொடுத்தது, அவ்வளவுதான். அந்தக் கன்றின் பேரில் ஒரு கொப்பி போட்டு முதல் பக்கத்தை அவருடைய மூத்த மகளே எழுதியிருக்கிறாள். அடுத்த கிளைக் கூட்டத்துக்கு எல்லோரும் தத்தம் கொப்பியோடு வாருங்கள். கோரிக்கை மனுவோடு அந்தப் பட்டியலையும் சேர்த்து அனுப்புவோம்.